வார்ட்புர்க் கோட்டை: எந்தக் காலத்தைக் காப்பது?

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், ஐசனாக் நகரத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை முகட்டின் மீது நீண்டு கிடக்கிறது வார்ட்புர்க் கோட்டை. வாயிலைக் கடந்து உள்ளே போகிறவர் முதலில் காண்பது 15ஆம் நூற்றாண்டின் மரச்சட்டக் கட்டடங்களை. அடுத்த முற்றத்தில் 12ஆம் நூற்றாண்டு மாளிகை. அதன் அருகே பொற்சிலுவை தாங்கி நிற்கும் தலைமைக் கோபுரம் 1850களில் எழுப்பப்பட்டது. சில அறைகளில் அலங்காரமின்றித் தெரியும் கற்சுவர்கள் 1950களில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விளைவு. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் உலகம் 'இடைக்கால ஜெர்மன் கோட்டை' என்று பார்க்கிறது.

ஒரு கட்டடம் ஒன்பது நூற்றாண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்து, ஒவ்வொரு நூற்றாண்டும் அதில் எதையாவது சேர்த்தும் நீக்கியும் வந்திருந்தால், அதைக் காப்பவர்கள் எந்தக் காலத்தைக் காக்க வேண்டும்? கட்டியவர் கண்ட வடிவத்தையா, சிதைந்து நின்ற வடிவத்தையா, பின்னால் வந்தவர்கள் திருத்திய வடிவத்தையா? இக்கேள்விக்கு ஜெர்மனியில் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. வார்ட்புர்க் அந்த விவாதத்தின் ஏறக்குறைய எல்லாக் கட்டங்களையும் தன் உடலில் சுமந்திருக்கிறது. முன்வைக்கப்பட்ட விடைகளை நான்காகத் தொகுத்து, அவை எங்கிருந்து பிறந்தன, எங்கே தடுக்கின என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. விவாதம் பெரும்பாலும் கல்லைப் பற்றியதாகவே நடந்தது. ஆனால் எந்தக் கல் நிற்கும், எது போகும் என்பதைப் பல சமயங்களில் தீர்மானித்தது அந்தந்தக் காலத்தின் பயன்பாடு என்பதே இங்கு எட்டப்படும் முடிவு.

கட்டட வரலாறு: உறுதியானதும் மரபு சொல்வதும்

கோட்டையை 1067இல் 'தாவும் லூத்விக்' என்று அழைக்கப்பட்ட பிரபு நிறுவினார் என்பது மரபுக் கதை. அந்தக் குன்று அவருக்குச் சொந்தமில்லை. தன் நிலத்திலிருந்து மண்ணைக் கொண்டுவந்து அதன்மேல் கொட்டி, பன்னிரண்டு வீரர்களை வாளை ஊன்றி நிற்க வைத்து, 'எங்கள் தலைவரின் மண்ணில்தான் நிற்கிறோம்' என்று சத்தியம் செய்ய வைத்தார் என்கிறது அந்தக் கதை. எழுத்துச் சான்று 1080இல் தொடங்குகிறது. மன்னர் நான்காம் ஹைன்ரிக்குக்கும் சாக்சன் பிரபுக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய குறிப்பில் இக்கோட்டை இடம்பெறுகிறது. ஆண்டு விழாக்கள் மட்டும் 1067ஐயே கணக்கில் கொள்கின்றன.

இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது 'பாலாஸ்' எனப்படும் மாளிகை. ரோமனெஸ்க் பாணியிலான இதன் உத்தரங்களை மரவளையங்களைக் கொண்டு காலம் கணித்தபோது, 12ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில், துரிங்கிய நிலப்பிரபுக்களான லூதோவிங்கர் குடும்பத்தின் உச்ச காலத்தில் இது எழுந்தது என்பது உறுதிப்பட்டது. 1247இல் அந்தக் குடும்பத்தின் ஆண் வழி அற்றுப்போனது. வாரிசுப் போருக்குப் பின் கோட்டை வெட்டின் குடும்பத்திடம் சென்றது. 1318இல் மின்னல் தாக்கித் தீப்பிடித்ததை அடுத்துச் சீரமைப்பு நடந்தது, தென்கோபுரம் அக்காலத்தது. பின்னர் அரசவைகள் மலையிலிருந்து நகர அரண்மனைகளுக்கு இறங்கின. கோட்டை முக்கியத்துவம் இழந்து, 18ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி பாழடைந்தது.

ஆக, 'பழைய வடிவம்' என்று ஒன்றைத் தேடுபவர் 1170ஐயோ 1320ஐயோ 1480ஐயோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் இருந்ததில்லை.

கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது?

எதைக் காப்பது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது: கோட்டை என்பது அடிப்படையில் என்ன? 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பெரும்பாலோருக்கு அது போர்க் கருவி. 1895இல் ஓட்டோ பைப்பர் வெளியிட்ட கோட்டையியல் நூல், மதில், வாயில், கோபுரம் ஆகியவற்றை முறையாக வகைப்படுத்தி, நீண்ட காலம் அடிப்படை நூலாக விளங்கியது. அவ்வகை நூல்களில் ஒவ்வொரு கட்டட உறுப்புக்கும் முதலில் ஒரு தற்காப்புக் காரணம் தேடப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பார்வை வலுவாகக் கேள்விக்குள்ளானது. கோட்டை அதிகாரத்தைக் கண்ணுக்குக் காட்டும் அடையாளம் என்ற வாதத்தை யோவாகிம் ட்சோய்னே 1996இல் வெளியிட்ட நூல் முன்வைத்தது. வழக்கு விசாரித்தல், வரி தண்டுதல், விருந்தினரை வரவேற்றல், குடும்பப் பெருமையை நிலைநாட்டல் என அன்றாடப் பணிகளே கோட்டையின் பெரும்பகுதி நேரத்தை நிரப்பின. முற்றுகை என்பது அபூர்வம் என்கிறார்கள் இப்பக்கத்தினர்.

வார்ட்புர்க் பாலாஸ் இரண்டாவது வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. வரிசை வரிசையான வளைவுச் சாளரங்களும் நுட்பமாகச் செதுக்கப்பட்ட தூண் தலைப்புகளும் கொண்ட இது பார்வைக்கென்றே கட்டப்பட்டது என்று கருத இடமுண்டு. ஆயினும் இந்த வாதத்தை எல்லைவரை இழுப்பதும் ஆபத்து. அணுகக் கடினமான முகட்டைத் தேர்ந்தெடுத்ததையும், வாரிசுப் போரில் கோட்டைகள் ஆற்றிய பங்கையும் வெறும் தோற்றத்தால் விளக்க முடியாது. இன்றைய ஆய்வாளர் பலர் இரண்டும் கலந்தே இருந்தன என்ற நிலையில் நிற்கிறார்கள். 1992இல் வார்ட்புர்க்கிலேயே நிறுவப்பட்ட கோட்டை ஆய்வுக் கழகம் இவ்விவாதத்துக்கு முக்கியமான களமாக இருந்துவருகிறது.

இதிலிருந்து நமக்குத் தேவையானது ஒன்று. தொடக்கத்திலிருந்தே பல பயன்களுக்காக எழுந்த கட்டடத்துக்கு 'இதுதான் உரிய பயன்' என்று ஒன்றை மட்டும் விதிப்பது வரலாற்று அடிப்படையில் கடினம்.

நான்கு நினைவுகள், நான்கு உரிமையாளர்கள்

வார்ட்புர்க்கின் புகழுக்குக் காரணம் மதில்களைவிட நினைவுகள். ஒவ்வொரு நினைவுக்கும் உரிமை கோர ஒரு தரப்பு உண்டு.

முதலாவது, பாடகர் போட்டி. கலைகளை ஆதரித்த நிலப்பிரபு முதலாம் ஹெர்மனின் அவையில், 1206-07 அளவில், வால்தர் ஃபான் டேர் ஃபோகல்வைடே, வோல்ஃப்ராம் ஃபான் எஷன்பாக் முதலிய கவிஞர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பாடிப் போட்டியிட்டதாகக் கதை. ஹெர்மன் புலவர்களைப் புரந்தார் என்பது வரலாறு. போட்டி நடந்ததற்கான சான்றோ பிற்கால இலக்கியம் மட்டுமே. 1845இல் டிரெஸ்டனில் அரங்கேறிய ரிச்சர்ட் வாக்னரின் 'டான்ஹாய்சர்' இசைநாடகம் இக்கதையை ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றது.

இரண்டாவது, புனித எலிசபெத். ஹங்கேரி அரசகுமாரியான அவர் 1211இல் நான்கு வயதில் துரிங்கியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1221இல் நான்காம் லூத்விக்கை மணந்தார். 1227இல் கணவர் சிலுவைப் போர்ப் பயணத்தில் இறந்தபின் அரண்மனை வாழ்வை விட்டு வெளியேறினார். 1231இல் மார்புர்க்கில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய நிலையில் இறந்த அவரை, நான்கே ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது.

மூன்றாவது, மார்ட்டின் லூத்தர். வோர்ம்ஸ் அவையில் தன் கருத்தைக் கைவிட மறுத்த அவரை, சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் வழியில் கடத்தியதுபோல் நாடகமாடி இங்கே ஒளித்துவைத்தார். 1521 மே முதல் 1522 மார்ச் வரை தாடி வளர்த்து, 'யுங்கர் யோர்க்' என்ற புனைபெயரில் வாழ்ந்த லூத்தர், சில வாரங்களிலேயே புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்திலிருந்து ஜெர்மனில் பெயர்த்தார். அது 1522 செப்டம்பரில் அச்சாகியது. வேதத்தை மக்கள் மொழியில் தரும் அந்த லூத்தரன் மரபின் நீட்சியாகவே, சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு தரங்கம்பாடியில் அச்சேறியது.

நான்காவது, 1817 அக்டோபர் 18 அன்று கூடிய மாணவர் விழா. லூத்தரின் சீர்திருத்தத்துக்கு 300 ஆண்டுகள், லைப்சிக் போர் வெற்றிக்கு 4 ஆண்டுகள் என இரண்டையும் சேர்த்து, ஏறத்தாழ 500 மாணவர்கள் ஒன்றுபட்ட ஜெர்மனி கோரித் திரண்டனர். தாராளவாதக் கனவின் பிறப்பிடம் என்று இவ்விழா கொண்டாடப்படுகிறது. அன்று மாலை சிலர் தங்களுக்குப் பிடிக்காத எழுத்துகளைத் தீயிலிட்டதும் அதே விழாவின் பகுதி.

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், கலையுலகம், தேசியவாதிகள் என்று நான்கு தரப்பும் ஒரே சுவர்களைச் சுட்டுகின்றன. இந்நிகழ்வுகள் எல்லாம் ஒரே கட்டட நிலையில் நடந்தவை அல்ல என்பதுதான் பாதுகாப்பாளரின் சிக்கல்.

முதல் விடை: மீண்டும் எழுப்புவோம்

கவிஞர் கதே 1777இல் இங்கே தங்கிக் கோட்டையை வரைந்தவர். 1815இல் இங்கே ஒரு கலைச் சேகரிப்பை அமைக்கலாம் என்ற யோசனையையும் அவர் முன்வைத்தார். யோசனையைச் செயலாக மாற்றியவர் சாக்ஸ-வைமர்-ஐசனாக் அரசவையின் வாரிசு கார்ல் அலெக்சாண்டர். 1838இல், இருபது வயதில், அவர் சீரமைப்பில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஓவியர் கார்ல் அலெக்சாண்டர் சைமன் கோட்டையை ஆராய்ந்து மீட்கும் திட்டமொன்றைத் தந்தார். பூசி மூடப்பட்டிருந்த பாலாஸ் வளைவுகள் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டன. பிரஷ்ய அரசின் நினைவுச்சின்னக் காப்பாளர் ஃபெர்டினண்ட் ஃபான் குவாஸ்ட் 1846இல் அளித்த வரைவு ஏற்கப்படவில்லை. கீசன் பல்கலைக்கழகக் கட்டடக் கலைப் பேராசிரியர் ஹூகோ ஃபான் ரிட்கன் 1847இல் முன்வைத்த திட்டம் வென்றது. 1889இல் இறக்கும்வரை அவர் இப்பணியில் ஈடுபட்டிருந்தார்.

கோட்டையின் அரசியல், கவிதை, சமயம் ஆகிய மூன்று வரலாறுகளும் கட்டடத்திலேயே வாசிக்கத் தக்கனவாக இருக்க வேண்டும் என்பது ரிட்கனின் கொள்கை. இருந்தது எது என்பதோடு, இருந்திருக்க வேண்டியது எது என்பதற்கும் அதில் இடமிருந்தது. 1853 முதல் 1859 வரை புதிய தலைமைக் கோபுரம் எழுந்தது. 1854-55இல் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் எலிசபெத்தின் வாழ்வையும் பாடகர் போட்டியையும் சுவரோவியங்களாகத் தீட்டினார். நியூரம்பெர்க் நகர வீடொன்றின் சாளர மாடம் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு இங்கே பொருத்தப்பட்டது. பாலாஸின் மேல்தளத்துப் பெருங்கூடம் விழா மண்டபமானது. 1867 ஆகஸ்டில், 800ஆம் ஆண்டு விழாவில், எலிசபெத் பற்றிய தன் இசைக் காவியத்தை ஃபிரான்ஸ் லிஸ்ட் இங்கே நடத்தினார். அதே ஆண்டு வந்துபோன பவேரிய மன்னர் இரண்டாம் லூத்விக், இந்த மண்டபங்களின் தாக்கத்தில் நோய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையின் பாடகர் கூடத்தை அமைத்தார்.

இந்நிலைப்பாடு தனித்து வளர்ந்ததன்று. பிரான்சில் வியோலே-லெ-டுக் பியர்ஃபோன் கோட்டையை ஏறக்குறைய முழுவதும் மறுபடி கட்டினார். ரைன் நதிக்கரையில் ஷ்டோல்சன்ஃபெல்ஸ் இடிபாடு பிரஷ்ய அரச குடும்பத்தின் கோடை மாளிகையானது. அல்சாஸில் ஹோகோனிக்ஸ்புர்க்கை 1900 முதல் 1908 வரை கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்காக மீட்டெழுப்பினார்.

இதன் வலு வெளிப்படையானது: இடிந்துகொண்டிருந்த கட்டடங்கள் கூரை பெற்றன. வார்ட்புர்க் பாலாஸ் இன்று நிற்பதற்கே இம்முயற்சி காரணமாக இருக்கலாம். பலவீனமும் அதே அளவு வெளிப்படை. சான்று முடியும் இடத்தில் கற்பனை தொடங்குவதைப் பார்வையாளர் அறிய வழியில்லை. அதோடு, எந்த இடைக்காலம் எழுப்பப்பட்டது என்பதைக் கட்டியவரின் அரசியல் முடிவு செய்தது. வைமர் அரசவைக்குத் தன் பண்பாட்டுப் பெருமை வேண்டியிருந்தது. வில்ஹெல்முக்கு எல்லை மாகாணத்தில் ஜெர்மன் முத்திரை வேண்டியிருந்தது.

இரண்டாம் விடை: இருப்பதை இருந்தபடி

இதற்கு எதிரான குரல் இங்கிலாந்தில் ஜான் ரஸ்கினிடம் உரக்க ஒலித்தது. ஜெர்மனியில் அது முதிர்ந்தது ஹைடல்பெர்க் கோட்டைத் தகராறில். 1689, 1693 ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகளாலும், 1764இல் மின்னல் தீயாலும் அழிந்த அந்த அரண்மனை, 19ஆம் நூற்றாண்டில் உலகப் புகழ் பெற்ற இடிபாடாகியிருந்தது. அதன் ஒரு பகுதியான ஃபிரீட்ரிக் மாளிகையைக் கார்ல் ஷேஃபர் மீட்டெழுப்பியதும், அடுத்து ஓட்டோ-ஹைன்ரிக் மாளிகைக்கும் கூரை போடும் திட்டம் வந்தது. 1901இல் கலை வரலாற்று அறிஞர் கேயோர்க் டெஹியோ அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பேணலாம், மீட்டுருவாக்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஓட்டோ-ஹைன்ரிக் மாளிகை இன்றும் கூரையின்றி நிற்கிறது.

இரண்டாண்டு கழித்து வியன்னாவில் அலோய்ஸ் ரீகல் இவ்விவாதத்துக்கு ஒரு கோட்பாட்டுச் சட்டகத்தை வகுத்தார். ஒரு நினைவுச்சின்னத்துக்கு வரலாற்று மதிப்பு, பழமை மதிப்பு, பயன் மதிப்பு எனப் பல மதிப்புகள் உண்டு. அவை ஒன்றோடொன்று மோதும் என்றார். மூப்பின் தடங்களை மதிப்பவர் சிதைவைத் தொடமாட்டார். பயனை மதிப்பவர் ஒழுகும் கூரையைச் சகிக்கமாட்டார். யார் எதை விரும்புகிறார் என்பதை வெளிப்படையாகப் பேச இந்தப் பகுப்பு உதவியது.

இந்நிலைப்பாட்டின் மிதமான வடிவத்தை ரைன் கரையில் பிரௌபாக் ஊரின் மார்க்ஸ்புர்க்கில் காணலாம். 1899இல் எப்ஹார்ட் முன்னின்று தொடங்கிய ஜெர்மன் கோட்டைச் சங்கம், இந்தக் கோட்டையை 1900இல் 1,000 மார்க்குக்கு வாங்கித் தன் இருப்பிடமாக்கியது. நடு ரைன் பகுதியின் மலைக்கோட்டைகளில் அழிக்கப்படாமல் தப்பியது என்ற சிறப்பே அதன் மூலதனம். ஹோகோனிக்ஸ்புர்க்கை எழுப்பிய அதே மனிதர் மார்க்ஸ்புர்க்கில் ஒப்பீட்டளவில் அடக்கத்தோடு பணியாற்றினார் என்பது, கொள்கைகள் ஆட்களைவிடச் சூழலைப் பொறுத்தே அமைகின்றன என்பதற்குச் சான்று.

டெஹியோ தரப்பின் பலவீனம் என்ன? இடிபாட்டுக்கு அது பொருந்தும். வாழ்கிற கட்டடத்துக்கு முழுதும் பொருந்தாது. கூரையும் அடுப்பும் படிக்கட்டும் பயன்பாட்டில் இருக்கும் இடத்தில் 'எதையும் தொடாதே' என்பது நடைமுறையில் மெதுவான அழிவுக்கு ஒப்புதலாக முடியக்கூடும். மேலும், இடிந்த நிலையை உறைய வைப்பதும் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுப்பதே.

மூன்றாம் விடை: பிற்சேர்க்கையைக் களைவோம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வார்ட்புர்க் கிழக்கு ஜெர்மனியில் அமைந்தது. 1946இல் அதன் புகழ்பெற்ற ஆயுதச் சேகரிப்பு சோவியத் ஒன்றியத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. 1950களின் முற்பகுதியில் பெரும் சீரமைப்பு தொடங்கியது. அதன் நோக்கம் ரிட்கனுக்கு நேர் எதிர்: 19ஆம் நூற்றாண்டு அலங்காரத்தை அகற்றி உண்மையான ரோமனெஸ்க் கல்லை வெளிக்கொணர்வது. கோமகன் குடும்பத்தின் வசிப்பறை ஒப்பனைகள் உள்ளிட்ட பல நீக்கப்பட்டன. ஷ்விண்டின் ஓவியங்கள் தப்பின. எலிசபெத் அறையை நிறைக்கும் கண்ணாடி மொசைக்கும் தப்பியது. அது 1902-06இல் வில்ஹெல்ம் பேரரசரின் கொடையால் உருவானது.

இதை வெறும் சோசலிச அரசின் ஆணை என்று முடித்துவிடுவது நியாயமன்று. 19ஆம் நூற்றாண்டின் மறுபாணிக் கட்டடக் கலையை மதிப்பற்ற போலி என்று கருதியது அன்றைய ஐரோப்பியக் கலையறிஞர்களில் பெரும்பாலோரின் பொது மனநிலை. மேற்கு ஜெர்மனியிலும் இதே களைதல் நடந்தது. ஆயினும் அரசியல் இல்லாமலும் இல்லை. 1967இல் கோட்டையின் 900 ஆண்டுகளும் மாணவர் விழாவின் 150 ஆண்டுகளும் அரச விழாவாகக் கொண்டாடப்பட்டன. 1817 முற்போக்கு மரபின் தொடக்கமாக முன்னிறுத்தப்பட்டது. 1983இல் லூத்தரின் 500ஆம் பிறந்த ஆண்டுக்காக மறுபடியும் விரிவான சீரமைப்பு நடந்தது. சமயத்தோடு இணக்கமற்ற அரசு ஒன்று லூத்தரைத் தன் மரபாக வரித்துக்கொண்டது அந்தக் காலத்தின் முரண்.

இந்த விடையின் அடிப்படைச் சிக்கல், நீக்கியபின் எஞ்சுவது எந்தக் காலத்துக்கும் உரியதாக இருப்பதில்லை என்பது. 12ஆம் நூற்றாண்டின் சுவர்கள் பூச்சும் வண்ணமும் தொங்குதிரைகளும் கொண்டு விளங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மணக் கல்லை 'அசல்' என்று காண்பது 20ஆம் நூற்றாண்டின் ரசனை. நீக்கப்பட்டவற்றைத் திரும்பப் பெறவும் முடியாது.

நான்காம் விடை: எல்லா அடுக்குகளும் ஆவணங்களே

1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலங்களின் ஏற்கத்தக்க பங்களிப்புகளையும் மதிக்க வேண்டும் என்றும், பாணி ஒருமை மீட்பின் நோக்கமாகாது என்றும் வகுத்தது. 19ஆம் நூற்றாண்டுக் கலையின் மீதான இளக்காரமும் அதன்பின் படிப்படியாகக் குறைந்தது. 1999இல் வார்ட்புர்க் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, நிலப்பிரபுத்துவக் காலத்தின் எச்சங்களோடு 19ஆம் நூற்றாண்டு மீட்டுருவாக்கமும் மதிப்பின் பகுதியாகவே கொள்ளப்பட்டது. ஒரு காலத்தில் போலி எனப்பட்ட ரிட்கனின் கோபுரம் இப்போது தானே பாதுகாக்கப்பட வேண்டிய வரலாறு.

இன்று துறைக்குள் பெரும்பாலும் ஏற்கப்பட்ட நிலைப்பாடு இதுவே. ஆனாலும் இரண்டு இடங்களில் இது திணறுகிறது. ஒன்று, அடுக்குகள் ஒன்றையொன்று மறைக்கும்போது எதை மேலே வைப்பது என்பதற்கு இதில் விதி இல்லை. லூத்தர் அறை இதற்கு நல்ல உதாரணம். அவர் பயன்படுத்திய மேசையை யாத்திரிகர்கள் சிம்பு சிம்பாகச் செதுக்கி எடுத்துச் சென்றுவிட்டதால், வேறொரு மேசை வைக்கப்பட்டது. சாத்தான்மீது லூத்தர் மைக்கூட்டை எறிந்ததால் விழுந்த கறை என்று காட்டப்பட்ட சுவர்க்கறை, பிற்காலக் கதையைத் தொடர்ந்து பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அந்தக் கறையையும் ஓர் 'அடுக்கு' என்று காப்பதா? மற்றொன்று, இதுவரை நடந்த மாற்றங்களை எல்லாம் மதிக்கும் கொள்கை, இனிமேல் நடக்கும் மாற்றத்தை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்? 1938இல் கோபுரச் சிலுவையை எடுத்துவிட்டு நாஜிகள் ஸ்வஸ்திகாவை ஏற்றினார்கள். பின்னர் சிலுவை திரும்பியது. அந்த அடுக்கைக் காக்க எவரும் கோரவில்லை. எனவே 'எல்லாக் காலங்களும்' என்பதற்குள்ளேயும் ஒரு தெரிவு மறைந்திருக்கிறது.

இன்றைய பயன்பாடு: எது சரியான வாழ்க்கை?

1922இல் அமைக்கப்பட்ட வார்ட்புர்க் அறக்கட்டளை கோட்டையை நிர்வகிக்கிறது. அருங்காட்சியகத்தில் லூக்காஸ் கிரானாக் தீட்டிய, லூத்தரின் பெற்றோர் ஓவியங்கள் முதலியவை இடம்பெறுகின்றன. பாலாஸ் விழா மண்டபத்தில் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. 'டான்ஹாய்சர்' கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் இடத்திலேயே பாடப்படுகிறது. கோட்டைக்குக் கீழே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எப்ஹார்ட் வடிவமைத்த விடுதி இயங்குகிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை முற்றங்களை நிறைக்கிறது. மலையேற்றத்தில் குழந்தைகளைக் கழுதைகள் சுமந்து செல்லும் வழக்கமும் உண்டு.

பிற கோட்டைகள் வேறு பாதைகளில் சென்றன. மோசல் பகுதியின் எல்ட்ஸ் கோட்டை 12ஆம் நூற்றாண்டு முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, பருவகாலத்தில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. ஆல்டனா கோட்டையில் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1912இல் உலகின் முதல் நிலையான இளைஞர் விடுதியை நிறுவினார். போர்க் காலத்தில் நேச நாட்டு அதிகாரிகளுக்கான சிறை முகாமாக இருந்த கோல்டிட்ஸிலும் இன்று இளைஞர் விடுதி செயல்படுகிறது. மறுமலர்ச்சிக் காலக் கட்டடமான வேவல்ஸ்புர்க்கை ஹிம்லர் எஸ்.எஸ். அமைப்பின் மையமாக்க முயன்றார். அந்தப் பணிகளுக்காக அமைந்த நீடர்ஹாகன் வதைமுகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்று அங்கே நினைவக அருங்காட்சியகமும் இளைஞர் விடுதியும் அருகருகே உள்ளன.

இப்பயன்பாடுகளைப் பற்றிய கருத்துகளை மூன்று திசைகளில் வகைப்படுத்தலாம். கட்டடம் காலியாக நின்றால் விரைவில் அழியும், ஆகவே வருமானம் தரும் எந்தப் பயனும் பாதுகாப்பே என்பது முதலாவது. கட்டடத்தின் வரலாற்றோடு தொடர்புள்ள பயன்களே தகும் என்பது இரண்டாவது. பார்வையாளரின் எண்ணிக்கையே கட்டடத்துக்கு முதல் எதிரி, பயனைக் குறைக்க வேண்டும் என்பது மூன்றாவது. முதலாவது கருத்து, படிகளின் தேய்மானத்தையும், மூச்சுக்காற்றின் ஈரம் சுவரோவியங்களுக்குத் தரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கத் தயங்குகிறது. இரண்டாவது, வரலாற்றில் எது 'தொடர்புள்ளது' என்பதை மீண்டும் விவாதத்துக்கே திருப்பிவிடுகிறது. ஒரு கோட்டைக்கு இளைஞர் விடுதி எந்த வகையில் மரபுவழிப் பயன்? மூன்றாவது, மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் இடத்திலிருந்து மக்களை விலக்கும் அபாயம் கொண்டது.

பயன்பாட்டின் எல்லை இப்போது மதிலுக்கு வெளியேயும் விரிந்திருக்கிறது. வார்ட்புர்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குன்றில் காற்றாலைகள் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, கோட்டையின் காட்சிப் பரப்பு கெடும் என்ற எதிர்ப்பு உலக மரபுரிமைத் தகுதி வரை பேசப்பட்டது. கல் எதுவும் தொடப்படாமலே ஒரு கோட்டை மாற்றப்படலாம் என்பதை அவ்வழக்கு காட்டியது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் தேவை வளரும் நாட்டில் இந்த மோதல் இதோடு நிற்கும் என்று தோன்றவில்லை.

மதிப்பீடு

நான்கு விடைகளையும் அருகருகே வைத்தால் சில செய்திகள் தெளிவாகின்றன. சான்றில்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பி அதை அசல் என்று காட்டுவது இன்று ஏற்கப்படுவதில்லை. பிற்காலச் சேர்க்கை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் இடிப்பதும் ஏற்கப்படுவதில்லை. மரவளைய ஆய்வு போன்ற முறைகள், எது எக்காலத்தது என்ற உண்மைக் கேள்வியைப் பெருமளவு மதிப்புக் கேள்வியிலிருந்து பிரித்துத் தந்துள்ளன. இம்மூன்றும் விவாதத்தின் நிலையான லாபங்கள் என்று கொள்ளலாம்.

அதேவேளை, நான்கு தரப்பும் தம்மைக் கல்லின் சார்பாகப் பேசுவோராக முன்னிறுத்தினாலும், அவற்றை நகர்த்தியவை அரசவையின் பெருமை, தேசிய உணர்வு, சோசலிச மரபுத் தேடல், சுற்றுலாவும் உலகப் பட்டியலும் ஆகியவையே. இது அக்கொள்கைகளைச் செல்லாதவையாக்கிவிடாது. ரிட்கனின் ஆதரவாளருக்கு அரசியல் நோக்கம் இருந்ததால் பாலாஸின் கூரை பொய்யாகிவிடவில்லை. ஆனால் இன்றைய முடிவுகளையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை அது தருகிறது. 'எல்லா அடுக்கும்' என்ற நம் காலத்துக் கொள்கை, ஒற்றை அரசனோ ஒற்றைக் கட்சியோ உரிமை கொண்டாடாத, பல தரப்புப் பார்வையாளர்களை வரவேற்கும் அருங்காட்சியகத்துக்கு வசதியான கொள்கையும்கூட.

திறந்தே இருப்பவை இரண்டு. எதிர்காலப் பயன்பாடு புதிய தடத்தைக் கேட்கும்போது, அதற்கு எவ்வளவு இடம் தருவது என்பதற்குப் பொதுவான அளவுகோல் உருவாகவில்லை; முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மின்தூக்கி, தீ தடுப்புக்கான புதிய படிகள், சுவரோவியங்களுக்கான ஈரக் கட்டுப்பாடு எல்லாம் தனித்தனியாகவே முடிவு செய்யப்படுகின்றன. அடுத்து, அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு என்பது. வல்லுநர் குழுக்கள், அறக்கட்டளை, மாநில அரசு, யுனெஸ்கோ, ஐசனாக் மக்கள் ஆகியோரின் நலன்கள் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இருநூறு ஆண்டு விவாதம் எதைச் செய்யக் கூடாது என்பதில் ஓரளவு உடன்பாட்டை எட்டியிருக்கிறது. எதைச் செய்யலாம் என்பதில், ஒவ்வொரு முடிவின் காரணத்தையும் நீக்கப்பட்டவற்றின் பதிவையும் அடுத்த தலைமுறை சரிபார்க்கும்படி விட்டுச்செல்வது, இப்போதைக்கு எல்லாத் தரப்பும் ஒப்பக்கூடிய குறைந்தபட்ச நெறியாகத் தெரிகிறது.